மலையேறத் தயங்கும் லொறி

பறித்த கொழுந்து காத்திருக்கும் பொருள் அன்று. மலையில் கொய்து, நிறுத்து, சாக்கில் கட்டிய கொழுந்து அன்றைய பொழுதுக்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்து, வாட்டும் தட்டுக்களில் பரப்பப்பட்டாக வேண்டும். சாக்குக்குள் அடைபட்டுக் கிடக்கக் கிடக்க அது தன்னுள் எழும் வெப்பத்தாலேயே சூடேறும். கசங்கிய இலை சிவக்கும். சிவந்த இலையிலிருந்து நல்ல தேயிலை வராது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டியிருக்கிறது. ஆகவே 2 தொன் கொழுந்தோடு ஒரு லொறி வழியில் நின்றுவிட்டால், 400 கிலோவுக்கு மேற்பட்ட தேயிலை அங்கே ஆபத்தில் நிற்கிறது என்பது பொருள். அதிலும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் உலர்ந்த காற்று வீசும் மாதங்களே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணம் ஏறும் பருவம். அப்பருவத்துக் கொழுந்து கெடுமாயின் இழப்பு இன்னும் பெரிது.

பதுளையைப் புகையிரதம் எட்டியது 1924ஆம் ஆண்டில். ஆனால் புகையிரதம் நிலையத்தோடு நின்றுவிடும். மலை மடிப்புக்களுக்குள் கிடக்கும் தோட்டங்களுக்கு உரமும் அரிசியும் ஏற்றிச் செல்வதும், கொழுந்தையும் தேயிலையையும் கொண்டுவருவதும் லொறியின் வேலை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று எத்திசையில் போனாலும் ஏற்றம் இன்றிப் பாதை இல்லை. வெல்லவாயாவின் தாழ்நிலத்திலிருந்து எல்லவுக்கு வரும் பாதை 30 கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 800 மீற்றர் உயர்கிறது.

இத்தகைய பாதையில் லொறிக்கு வரும் நோய்களுள் ஒன்று சாரதிமாரின் பொறுமையைப் பெரிதும் சோதிப்பது. லொறி அடியோடு படுத்துவிடுவதும் இல்லை. ஒழுங்காக ஓடுவதும் இல்லை. சமதரையில் குறை சொல்ல இடமின்றி ஓடும். ஏற்றத்தில் சுமையோடு மிதியை முழுதும் அழுத்தும்போது வலு குன்றும், எஞ்சின் விக்கும், சிலவேளை நின்றேவிடும். ஐந்து நிமிடம் கழித்துத் திருகினால் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே சமதரை. ஆகவே அங்கே நோயும் இல்லை! இந்நோயின் பெயர் எரிபொருள் அமுக்கக் குறைவு. இதற்கு மருந்து பெரும்பாலும் மலிவானது. ஆனால் நோயின் இடத்தை அறியாமல், மிக விலையுயர்ந்த உறுப்பாகிய இன்ஜெக்டர் பம்பை முதலில் கழற்றுவது எங்கும் காணப்படும் வழக்கமாக இருக்கிறது. பம்ப் பதுளையிலிருந்தோ கண்டியிலிருந்தோ திரும்பி வரும். கணக்குச் சீட்டும் கூடவே வரும். லொறி அதே வளைவில் அதே போல விக்கும்.

இஃது ஏன் நிகழ்கிறது என்பதை அறிய, டீசல் எஞ்சின் எண்ணெயை எவ்வாறு உண்கிறது என்பதைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, சில எஞ்சின்களில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கி அமுக்குகிறது. அவ்வாறு அமுக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை அடைகிறது. அந்நேரத்தில் டீசலைப் பனித்துகள் போலத் தூவினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தூவுவதுதான் கடினம். உள்ளே இறுகிக் கிடக்கும் காற்றை எதிர்த்து எண்ணெய் புகவேண்டும். அதுவும் குறித்த கணத்தில், குறித்த அளவில் புகவேண்டும். ருடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டியபோது, அமுக்கிய காற்றைக் கொண்டே எண்ணெயை உள்ளே ஊதினார். அதற்கெனத் தனியே பெரிய காற்றமுக்கி ஒன்று வேண்டியிருந்தது. கப்பலுக்கும் ஆலைக்கும் அந்த ஏற்பாடு பொருந்திற்று. பாதையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தவில்லை. ரொபேட் பொஷ் நிறுவனம் 1927ஆம் ஆண்டில் கையடக்கமான இன்ஜெக்டர் பம்பைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லொறி உலகெங்கும் பரவியது.

அந்தப் பம்ப் மிக நுட்பமான கருவி. அதனுள் ஏறி இறங்கும் உலக்கைக்கும் அதன் குழலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கே. அது எண்ணெயைத் தள்ள, பழைய லொறிகளின் நொசில்கள் 150 முதல் 250 பார் வரையான அமுக்கத்தில் திறக்கின்றன. ஒரு பார் என்பது சதுர அங்குலத்துக்குப் பதினான்கரை இறாத்தல். கடற்கரையில் காற்றுமண்டலம் நம்மீது செலுத்தும் அமுக்கம் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே 200 பார் என்பது எத்துணைப் பெரிய அமுக்கம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இப்பெரும் அமுக்கத்தை உண்டாக்கும் பம்புக்குத் தாங்கியிலிருந்து எண்ணெயை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் அதிகம் இல்லை. யாரேனும் அதன் வாயருகே எண்ணெயைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அவ்வேலையைச் செய்வது ஃபீட் பம்ப் என்னும் சிறிய பம்ப். எண்ணெய் செல்லும் வழி இது: தாங்கியின் அடியிலிருந்து உறிஞ்சுகுழாய் வழியாகப் புறப்பட்டு, தண்ணீரையும் மண்டியையும் தங்கவைக்கும் கிண்ணத்தைக் கடந்து, ஃபீட் பம்புக்கு வரும். ஃபீட் பம்ப் அதனை வடிகட்டியினூடே தள்ளும். கராஜில் பில்டர் என்று சொல்லப்படுவது இவ்வடிகட்டியே. அதிலிருந்து எண்ணெய் இன்ஜெக்டர் பம்பின் உள்ளறையை அடையும். பம்புக்கு வேண்டியது போக மிகுந்த எண்ணெய் ஒரு சிறு வால்வு வழியாகத் தாங்கிக்கே திரும்பிவிடும்.

இவ்வழியில் ஃபீட் பம்பை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் தாங்கி வரையில் உள்ளது உறிஞ்சும் பக்கம். அதற்கு முன்னால் இன்ஜெக்டர் பம்ப் வரையில் உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓர் இணைப்புத் தளர்ந்தால் டீசல் வெளியே கசியும். தூசி படிந்து கறுக்கும். கண்ணுள்ளவர் எவரும் காணலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஓர் இணைப்புத் தளர்ந்தாலோ, டீசல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஒரு துளி எண்ணெயும் சிந்தாது. குழாய் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அமுக்கக் குறைவு பலரை ஏமாற்றுவதற்கு முதற்காரணம் இதுவே. கசிவைத் தேடிக் காணாதவர், குழாயில் குறை இல்லை என்று தீர்மானித்துப் பம்பின்மேல் பழியைப் போடுகிறார்.

ஃபீட் பம்ப் தரும் அமுக்கம் சிறியது. நீளவரிசை இன்ஜெக்டர் பம்ப் பூட்டிய லொறிகளில் அது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரை பார் வரை இருக்கும். தோட்டங்களில் கொழுந்துப் பெட்டியை இழுத்துச் செல்லும் பழைய மாஸி பெர்கியூசன் டிராக்டர்களில் உள்ளதுபோன்ற சுழல்வகைப் பம்புகளுக்கு, ரப்பர்ச் சவ்வு வைத்த ஃபீட் பம்ப் 5 முதல் 7 இறாத்தல் வரை கொடுத்தாலே போதும். சரியான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். தயாரிப்பாளர் கைநூலில் அது குறிக்கப்பட்டிருக்கும். இவ்வளவு சிறிய அமுக்கத்தில் அரைப் பார் குறைந்தாலும் குறை பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

அது மலையில் மட்டும் தெரிவதேன்? நின்ற இடத்தில் சும்மா ஓடும் எஞ்சின் மணிக்கு ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர் டீசலே எரிக்கும். அதே எஞ்சின், 100 குதிரைவலு உடையதாயின், முழு வலுவோடு ஏற்றத்தில் முக்கும்போது மணிக்கு 20 லீற்றர் அளவில் கேட்கும். பாதி அடைபட்ட வடிகட்டி ஒன்றரை லீற்றருக்கு வழி விடும். இருபது லீற்றருக்கு விடாது. வேறொரு காரணமும் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் எண்ணெயை ஃபீட் பம்புக்குத் தள்ளிவிடுவது உண்மையில் வெளிக்காற்றின் அமுக்கமே. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் உயர்ந்த அப்புத்தளையில் அந்த அமுக்கம் கரையோரத்தை நோக்க ஏறக்குறைய 15 வீதம் குறைவு. நல்ல நிலையிலுள்ள லொறிக்கு இது ஒரு பொருட்டன்று. ஏற்கெனவே குழாய் அடைபட்டு மூச்சுத் திணறும் லொறிக்கு இதுவும் ஒரு சுமை. மேலும் லொறி மூக்கை உயர்த்தி ஏறும்போது தாங்கியின் எண்ணெய் பின்பக்கம் சாயும். குறைவான எண்ணெயோடு போகும் தாங்கியில் உறிஞ்சுகுழாயின் வாய் சிலவேளை எண்ணெய்க்கு வெளியே வந்து காற்றைக் குடிக்கும். கால் தாங்கி எண்ணெயோடு மடுல்சீமை ஏறும் சாரதிக்கு இது புதிய செய்தி அன்று.

வலுக் குறைவு எல்லாம் அமுக்கக் குறைவு ஆகிவிடாது. வேறுபடுத்தி அறியப் புகையே முதற் சாட்சி. ஏற்றத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு வலு குன்றினால், எண்ணெய் போதிய அளவு வருகிறது, காற்றுத்தான் போதவில்லை. காற்று வடிகட்டியையும், டர்போ இருப்பின் அதன் குழாய்களையும் பார்க்கவேண்டும். புகையே இல்லாமல், அல்லது விட்டு விட்டு வெண்புகை வந்து, எஞ்சின் ஓய்வது எண்ணெய்ப் பஞ்சத்தின் அறிகுறி. சக்கரக் குடங்களைத் தொட்டுப் பார்த்து ஒன்று மட்டும் சுடுமாயின் பிரேக் பற்றிக்கொண்டிருக்கிறது. எஞ்சின்மேல் குற்றம் இல்லை. பதினைந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனைகளைச் செய்யாமல் ஸ்பானரை எடுப்பது வீண்வேலை.

சாரதியின் வாய்மொழியும் பெரிய கருவியே. நல்ல மெக்கானிக் மூடியைத் திறக்குமுன் நான்கு கேள்வி கேட்பார். காலையில் முதல்முறை கிளப்புவதுதான் கடினம், பிறகு சரி என்று சாரதி சொன்னால், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து, குழாயிலிருந்த எண்ணெய் தாங்கிக்கு வடிந்துவிட்டது என்று கருத இடமுண்டு. காலையில் எளிதில் கிளம்பும், ஏற்றத்தில்தான் சோரும் என்றால் அடைப்பை நினைக்கவேண்டும். வழியில் நின்று, சற்று ஆறியபின் தானே குணமாகும் என்றால் இரண்டு காரணங்கள் முன்னே வந்து நிற்கும். ஒன்று, உறிஞ்சுகுழாயின் வாயில் துணித்துண்டோ பொலித்தீனோ சருகோ ஒட்டிக்கொள்வது. எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லாமல் அது உதிர்ந்துவிடும். மற்றொன்று, தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பது. எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிடில் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெயை விடாது பிடித்துக்கொள்ளும். தொலைந்துபோன மூடிக்குப் பதிலாகப் பொலித்தீன் துண்டை வைத்து இறுகக் கட்டிவிட்டு, மழைநீர் புகாது என்று மகிழ்ந்திருக்கும் லொறிகள் இந்நோய்க்கு உரியவை. சோதனை எளிது. லொறி சோர்ந்த இடத்திலேயே மூடியைத் திறக்கவேண்டும். உஸ் என்று காற்று உள்ளே பாய்ந்து, எஞ்சின் உயிர் பெற்றால் நோய் அகப்பட்டுவிட்டது. ஒரு புதிய மூடியோடு செலவு முடிந்தது.

மூடியால் தீராத நோய்க்கு அளந்து பார்ப்பதே வழி. சிறிய அமுக்கமானி ஒன்று, ஒரு மூவாய் இணைப்பு, இரண்டு முழம் எண்ணெய்க்குழாய் இவையே வேண்டிய கருவிகள். வடிகட்டிக்கும் இன்ஜெக்டர் பம்புக்கும் இடையில் மானியைப் பொருத்தி, நீண்ட குழாயால் சாரதியின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதைக் கட்டிவிட்டு, லொறியைச் சுமையோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். கராஜ் வாசலில் நிறுத்தி அளப்பது போதாது. நோய் வரும் இடத்தில் நோயாளியைப் பார்க்கவேண்டும். ஹாலிஎலவிலிருந்து தெமோதரைப் பக்கம் ஏறும் பாதை இதற்குப் பொருத்தமானது. ஏற்றத்திலும் மானி நிலையாக நிற்குமாயின், குறைந்த அமுக்கப் பக்கத்தில் குறை இல்லை. அப்போதுதான் இன்ஜெக்டர் பம்பையும் நொசில்களையும் சந்தேகிக்கும் உரிமை வருகிறது. மிதியை அழுத்த அழுத்த முள் இறங்குமாயின் தேட வேண்டியது பின்னால். முள் ஒரே இடத்தில் நில்லாது நடுங்குமாயின் பெரும்பாலும் காற்று.

முள் இறங்கினால், மானியை வடிகட்டிக்கு முன்னால் மாற்றி மறுபடியும் அளக்கவேண்டும். முன்னால் நல்ல அமுக்கம், பின்னால் குறைந்த அமுக்கம் என்றால் வடிகட்டி அடைபட்டிருக்கிறது. இரு பக்கமும் குறைவு என்றால் ஃபீட் பம்போ, அதற்குப் பின்னாலுள்ள வழியோ, திருப்பி அனுப்பும் வால்வோ காரணம். இம்மூன்றையும் பிரித்தறிய ஒரு பழைய முறை உண்டு. இன்றுவரை அதைவிடச் சிறந்ததொன்று இல்லை எனலாம். சுத்தமான டீசல் நிறைந்த ஐந்து லீற்றர் கலன் ஒன்றை எஞ்சினுக்கு மேலான உயரத்தில் உறுதியாகக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை நேரே ஃபீட் பம்பின் வாயில் மாட்டவேண்டும். இப்போது லொறியின் தாங்கியும் பழைய குழாயும் வழக்கிலிருந்து விலகிவிட்டன. எஞ்சின் நன்றாக இழுத்தால் குறை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் உறிஞ்சும் பக்கம் குற்றமற்றது. கலனைச் சூடான புகைக்குழாய்க்கு அருகே கட்டக்கூடாது என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமோ?

உறிஞ்சும் பக்கத்தில் காற்றுப் புகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும் ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ஃபீட் பம்புக்குச் சற்றுப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைச் செருகிவிட்டால், எண்ணெய் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். குமிழ் வந்தால் காற்றுப் புகுகிறது. பின்பு அச்சிறு குழாயைத் தாங்கியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும். எந்த இடத்தில் குமிழ் மறைகிறதோ அந்த இடத்துக்கும் முந்திய இடத்துக்கும் நடுவில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் அகப்படுவது என்ன? பலமுறை கழற்றிப் பூட்டித் தேய்ந்த செப்பு வாஷர், வெயிலிலும் எண்ணெயிலும் வெடித்துப்போன ரப்பர்க் குழாய், இறுக்கமற்ற கிளிப், சட்டத்தில் உராய்ந்து ஊசித்துளை விழுந்த இரும்புக் குழாய், தண்ணீர்க் கிண்ணத்தின் நைந்த ரப்பர் வளையம். செப்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மை பெறும் என்பது பழைய பாஸ்மாருக்குத் தெரிந்த வித்தை. அவசரத்துக்கு அது நல்லது. புதிய வாஷர் அதனினும் நல்லது.

ஃபீட் பம்ப் கெடுவதும் உண்டு. அதன் உள்ளே எண்ணெயை ஒருவழிப்படுத்தும் சிறு வால்வுகளின் கீழ் மணல் சிக்கினால், பம்ப் தள்ளிய எண்ணெயே திரும்பிப் பின்னால் ஓடும். உலக்கையின் ஸ்பிரிங் ஒடியலாம். சவ்வு வைத்த பம்பில் சவ்வு கிழியலாம். அப்போது டீசல் எஞ்சினின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் கூடியிருந்து டீசல் மணம் வீசினால் லொறியை ஓட்டக்கூடாது. நீர்த்துப்போன ஒயில் எஞ்சினையே அழித்துவிடும். திருப்பி அனுப்பும் வால்வை மறப்பவர் பலர். விரலளவான ஒரு போல்ட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குண்டும் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலும், குண்டின் கீழ் துகள் சிக்கினாலும், ஃபீட் பம்ப் தள்ளுவது முழுதும் தாங்கிக்கே ஓடிவிடும். உள்ளறையில் அமுக்கம் நிற்காது. அது தொலைந்துபோய், அதன் இடத்தில் சாதாரண போல்ட் ஒன்றைத் துளைத்துப் பூட்டிவைத்திருந்தாலும் இதே கதைதான்.

வடிகட்டி அடைபடுவதற்கு எண்ணெயே காரணம். இங்கே 2022ஆம் ஆண்டை நினைவுகூராமல் இருக்க முடியாது. அவ்வாண்டில் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசை நின்றது. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் டீசலின் விலை 460 ரூபாவை எட்டிற்று. கிடைத்ததைப் பீப்பாவிலும் கலனிலும் சேமிப்பதும், தாங்கியைக் கடைசித் துளி வரை வற்றவிட்டு ஓட்டுவதும் அக்காலத்தில் தவிர்க்க இயலாதவை ஆயின. தாங்கியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்து உறங்கிய மண்டி, எண்ணெய் வற்றும்போதுதான் குழாய்க்குள் ஏறும். பீப்பாவின் அடியில் தண்ணீரும் துருவும் இருக்கும். மண்ணெண்ணெயோ ஆகஸ்ட் மாதம் வரை லீற்றர் 87 ரூபாவாக இருந்தது. பின்னரே 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்த விலை வேறுபாடு டீசலோடு மண்ணெண்ணெயைக் கலக்கத் தூண்டுவது இயல்பு. ஆனால் மண்ணெண்ணெய் டீசலினும் மெல்லியது. தேய்ந்த பம்பின் நுண்ணிய இடைவெளிகள் வழியே அது வழிந்துவிடுவதால் அமுக்கம் மேலும் குறையும். டீசலுக்கு உள்ள வழுக்கும் தன்மையும் அதற்குப் போதாது. சுழல்வகைப் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது. ஓடும் எண்ணெயே அதற்கு மசகு. அத்தகைய பம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது, இன்று மிச்சம் பிடித்த காசுக்கு நாளை பல மடங்கு கொடுப்பதாகும்.

பீப்பாவிலிருந்து எடுக்கவேண்டி வந்தால், அதனை ஒரு நாளேனும் அசைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்து, கைப்பம்பின் குழாய் அடியைத் தொடாதபடி எடுக்கவேண்டும். மலைநாட்டுக் குளிரில் பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் இரவில் பனிநீர் கோக்கும். ஆகவே மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்புவது நன்று. தண்ணீர்க் கிண்ணத்தின் அடித்திருகைக் காலைதோறும், லொறியைக் கிளப்புமுன், சிறிது திறந்து வடிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால், அடியில் தண்ணீர் தனியே நிற்பது தெரியும். வடிகட்டியைக் கழுவி மீண்டும் போடும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். கடுதாசியால் ஆன வடிகட்டி கழுவுவதற்கு உரியதன்று. கழுவினால் அதன் நுண்துளைகள் கிழிந்து, தடுத்து நிறுத்திய மண்ணையே பம்புக்கு அனுப்பும்.

வடிகட்டி மாற்றினாலும் குழாய் கழற்றினாலும் உள்ளே காற்று நிற்கும். காற்றை எடுக்காமல் ஸ்டார்ட்டரைத் திருகிக்கொண்டே இருந்தால் பற்றரிதான் இறங்கும். முதலில் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத்திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்போடு சேர்ந்த கைப்பம்பை அடிக்கவேண்டும். நுரையும் குமிழும் வந்து, பிறகு தெளிந்த எண்ணெய் வரும். கைப்பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்கவேண்டும். நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று மறுபடி புகும். பிறகு இன்ஜெக்டர் பம்பிலுள்ள திருகை அவ்வாறே செய்யவேண்டும். கைப்பம்ப் முதலில் இலேசாக ஓடி, எண்ணெய் நிறைந்ததும் கைக்கு இறுகும். எவ்வளவு அடித்தும் இறுகாவிடில், காற்றுப் புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்பது பொருள்.

இதுவரை சொன்னது பழைய முறை எஞ்சின்களுக்கு. இப்போது தோட்டப் பாதைகளிலும் வந்துவிட்ட புதிய லொறிகளில் பொதுக்குழாய் முறை அமைந்திருக்கிறது. ஜப்பானில் டென்சோ நிறுவனம் 1995ஆம் ஆண்டில் ஹினோ லொறியில் முதன்முதல் பூட்டிய முறை அது. எல்லா நொசில்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் எண்ணெய் அமுக்கத்தோடு காத்திருக்கும். சும்மா ஓடும்போதே 300 பார் அளவிலும், முழு வலுவில் 1,600 பாருக்கு மேலும் இருக்கும். நொசில்களைத் திறப்பது கணினி. பொதுக்குழாயில் அமுக்கம் போதிய அளவு ஏறும்வரை அது நொசில்களைத் திறவாது. ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் கிளம்பாது. கணினிக் குறியீட்டைப் படிக்கும் கருவியை மாட்டினால் 'பொதுக்குழாய் அமுக்கம் குறைவு' என்று அது அறிவிக்கும். அறிவிப்பு உண்மை, ஆனால் காரணத்தை அது சொல்வதில்லை. உயரமுக்கப் பம்பும் தாங்கியிலிருந்து வரும் எண்ணெயையே நம்பியிருக்கிறது. அடைபட்ட வடிகட்டியும், காற்றுப் புகும் குழாயும் அதே குறியீட்டைத்தான் எழுதும். குறியீட்டைக் கண்டவுடன் உயரமுக்கப் பம்பை மாற்றச் சொல்வது, பழைய நாளில் இன்ஜெக்டர் பம்பைக் கழற்றியதன் புதிய வடிவமேயன்றி வேறில்லை. தாங்கியிலிருந்து தொடங்கும் பழைய வரிசையே இங்கும் முறை. அதில் குறை இல்லையென்று தெரிந்தபின், ஒவ்வொரு நொசிலிலிருந்தும் திரும்பி வரும் எண்ணெயைச் சம அளவுப் போத்தல்களில் பிடித்துப் பார்க்கவேண்டும். மற்றவற்றைவிட ஒன்றில் மிக அதிகம் நிறைந்தால், அந்த நொசில் அமுக்கத்தைக் கசியவிடுகிறது.

ஒரு செய்தியில் மட்டும் பழைய வழக்கத்தைப் புதிய எஞ்சினுக்குக் கொண்டுபோகவே கூடாது. பழைய லொறியில், எஞ்சின் ஓடும்போது நொசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த உருளை வேலை செய்யவில்லை என்று பார்ப்பதுண்டு. பொதுக்குழாய் எஞ்சினில் இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. அவ்வளவு அமுக்கத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டும் தெரியும்; வலியும் முதலில் அதிகம் இராது. சில மணி நேரத்தில் கை வீங்கி, அறுவைச் சிகிச்சை தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். பழைய எஞ்சினின் 200 பார் கூடத் தோலைத் துளைக்க வல்லதே. ஆகவே கசிவைத் தேடக் கையை நீட்டாமல் ஒரு கடுதாசி அட்டையைப் பிடிக்கவேண்டும். எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, காயம் எவ்வளவு சிறிதாயினும், அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குப் போய், டீசல் அமுக்கத்தோடு பாய்ந்தது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்குத் துணைசெய்யும் காற்றோ வெற்றிடமோ மிதிக்க மிதிக்கக் குறையும். ஆகவே முதல் விக்கலிலேயே இடப்புறம் ஒதுக்கி, கைப்பிரேக்கைப் போட்டு, கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தபின்னரே மற்றெல்லாம். நோய் தீர்ந்தபின் செய்யவேண்டிய வேலையும் ஒன்று உண்டு. நல்ல நிலையில் அந்த லொறி சும்மா ஓடும்போதும், சுமையோடு ஏறும்போதும் மானி காட்டிய அளவுகளை, வடிகட்டி மாற்றிய தேதியோடு லொறியின் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை முள் எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்த லொறியின் பழைய கணக்கே சொல்லிவிடும்.